மூன்றாவது வெட்டு

கோமதிநாயகத்துக்கு உட்காரத் தெரியாது. நாற்காலியில் உட்கார்ந்தால் முட்டி ஆடும். நின்றால் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்பார். பஸ்ஸில் போனால் இறங்க வேண்டிய ஊருக்கு இரண்டு நிறுத்தம் இருக்கும்போதே எழுந்து படியருகே போய்விடுவார். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் மாதிரி எப்போதும் ஓர் அவசரம். இப்பேர்ப்பட்ட மனுஷர் போயும் போயும் தவளை முட்டை பிளப்பதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும் வேலைக்குப் போகிறேன் என்றபோது, அவர் மனைவி சண்முகவடிவு வாய்விட்டுச் சிரித்ததில் தப்பே இல்லை.

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அவர் விலங்கியல் வாத்தியார். வருஷா வருஷம் கரும்பலகையில் அதே படத்தைப் போடுவார். முதலில் ஒரு வட்டம். நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு. அதற்குக் குறுக்காக, அதுவும் மேலிருந்து கீழாக, இன்னொரு கோடு. மூன்றாவது மட்டும் இடுப்பைச் சுற்றி ஓடும். ஒரு முட்டை இரண்டாகி, நாலாகி, எட்டாகிற படம்.

ஒரு நாள் மூன்றாவது கோட்டைப் போடப் போன கை பாதியில் நின்றுவிட்டது. இரண்டு தரம் நெட்டுக்குத்தாகப் பிளந்த முட்டை மூன்றாம் தரம் மட்டும் ஏன் குறுக்கே பிளக்கிறது? புத்தகத்தில் படம் இருந்தது, காரணம் இல்லை. இத்தனை வருஷம் இதைக் கேட்காமலே பாடம் நடத்தியிருக்கிறோமே என்று அவருக்கு வெட்கமாகப் போயிற்று.

நாற்பத்தாறு வயதில் சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு, மலையடிவாரத்துக் கல்லூரி ஒன்றில் தவளைக் கருக்களை ஆராயும் டாக்டர் இசக்கியம்மாளிடம் போய் நின்றார். இசக்கியம்மாளுக்கு வயது கோமதிநாயகத்தைவிடக் குறைவு. இவர் அவரை மேடம் என்று கூப்பிட்டார். அவர் இவரை சார் என்று கூப்பிட்டார். இதில் குரு யார், சீடர் யார் என்று வெளியாட்களுக்குப் பிடிபடக் கொஞ்ச நேரமாகும்.

மழைக்காலம் முடிகிறபோது பல்கலைக்கழகக் குழுவின் முன்னால் நின்று, செய்ததை எடுத்துப் பேச வேண்டும். குழு சம்மதித்தால் ஆராய்ச்சி மாணவராகப் பதிவு செய்துகொள்ளலாம், விடுப்பும் நீளும். சம்மதிக்காவிட்டால் பழையபடி கரும்பலகைதான். இன்னொரு தரம் விடுப்பு கிடையாது என்று பள்ளி நிர்வாகம் முதலிலேயே கறாராகச் சொல்லிவிட்டது.

வந்த அன்றைக்கே அவர் கேட்டுவிட்டார்.

"மேடம், எங்க பிளக்கணும்னு முட்டைக்கு யாரு சொல்லுதா?"

இசக்கியம்மாள் எழுந்தார். நுண்ணோக்கியில் தூசி விழாமல் மூடியிருந்த பழைய சேலையை உருவினார். ஆணியில் தொங்கிய கயிற்றையும் எடுத்துக்கொண்டு, பின்பக்கத்தில் காலியாகக் கிடந்த சாமான் அறைக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனார். ரயில் பெட்டி மாதிரி நீளமும் ஒடுக்கமுமான அறை அது. கண்ணை மூடிக்கொண்டு அறையின் நடுவுக்கு வரச் சொன்னார்.

கோமதிநாயகம் கண்ணை மூடினார். கையை விரித்ததும் இரண்டு பக்கச் சுவரும் எட்டிவிட்டன. அந்தப் பக்கத்து நடு உடனே கிடைத்தது. முன்னாலும் பின்னாலும்தான் கை எட்டவில்லை. ஒரு முனைவரை தடவிக்கொண்டே போய், திரும்பி மறுமுனைவரை போய், மறுபடி பாதி தூரம் வந்து நின்றார். கண்ணைத் திறந்து பார்த்தால் ஏறக்குறைய நடுவில்தான் நின்றிருந்தார்.

"இப்ப இந்தச் சேலையைக் கட்டி ரூமை ரெண்டாத் தடுங்க. ரெண்டு குடும்பம் இருக்கிற மாதிரி."

நின்ற இடத்திலேயே இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாகக் கயிற்றைக் கட்டிச் சேலையைத் தொங்கவிட்டார்.

"ஏன் நீளவாக்குல கட்டலை?"

"நீளவாக்குல கட்டுனா ரெண்டு வீட்டுக்காரங்களும் சந்துலல்லா குடியிருக்கணும்."

"குறுக்கே கட்டணும்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலை. ரூமைப் பாத்தாலே தெரியுது."

"முட்டைக்குக் கண்ணு கிடையாது சார்," என்றார் இசக்கியம்மாள். "ஆனா கை இருக்கு."

அதற்கப்புறம் காப்பி குடிக்கும்போது கொஞ்சம் விளக்கினார். உயிரணுவுக்குள்ளே மெல்லிய இழைகள் நாலா பக்கமும் நீண்டு சுவரைத் தடவிப் பார்க்கின்றனவாம். எந்தப் பக்கம் இடம் நீளமோ அந்தப் பக்கமாகவே எல்லாம் ஒழுங்குபட்டு நிற்குமாம். வெட்டு அந்த நீளத்துக்குக் குறுக்கே விழும். எலுமிச்சம்பழத்தை மேலிருந்து கீழாக இரண்டு தரம் வெட்டினால் ஒவ்வொரு துண்டும் அகலத்தைவிட உயரம் கூடுதலாக இருக்கிறது, அதனால்தான் மூன்றாவது வெட்டு இடுப்பில் விழுகிறது என்றார். உருவம் வெட்டைக் காட்டுகிறது, வெட்டு அடுத்த உருவத்தைத் தருகிறது, அவ்வளவுதான் விஷயம் என்று முடித்துக்கொண்டார்.

கோமதிநாயகத்துக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இதற்காகவா சம்பளத்தை விட்டுவிட்டு வந்தோம்? கயிற்றையும் சேலையையும் கொண்டுபோய்க் குழுவின் முன்னால் காட்ட முடியுமா? முட்டைக்கு உத்தரவு போடுகிற ஏதோ ஒரு சரக்கு இருந்தாக வேண்டும், அதை நாம் கண்டுபிடித்தாக வேண்டும் என்று அவர் மனம் அடித்துக்கொண்டது.

ஐப்பசி மழை பிடித்தது. கல்லூரித் தொட்டியில் தவளைகள் முட்டையிட ஆரம்பித்தன. கோமதிநாயகம் விடிவதற்குள் வந்து நிற்பார். முட்டையை எடுத்து, மேலே இருக்கும் வழவழப்பை நீக்கி, கிண்ணத்தில் போட்டு, கையில் கிடைத்ததையெல்லாம் அதில் கரைத்துப் பார்த்தார். மஞ்சளில் முட்டைகள் செத்தன. வேப்பிலையிலும் செத்தன. வேலியோரத்து நொச்சியைக் கசக்கிப் பிழிந்து ஊற்றினார். நொச்சிச் சாற்றில் அவை பிழைத்துக்கொண்டன.

ஆனால் சாறு குட்டை நீர் மாதிரி கலங்கிக் கிடந்தது. நுண்ணோக்கியில் பார்த்தால் உள்ளே முட்டை இருக்கிறதா என்றே தெரியவில்லை. மெல்லிய கண்ணாடிச் சில்லு ஒன்றின் நாலு மூலையிலும் துளி மெழுகு வைத்து முட்டைக்கு மேல் கவிழ்த்தார். சாறு விலகி, முட்டை கண்ணுக்குப் பட்டது. மங்கும்போதெல்லாம் பெருவிரலால் ஓர் அமுக்கு. மெழுகு கொஞ்சம் இறங்கும், முட்டை இன்னும் நன்றாகத் தெரியும். பொறுமையில்லாதவர் கை சும்மா இருக்குமா? ஒரு காலைக்குள் எத்தனை தரம் அமுக்கினார் என்று அவருக்கே தெரியாது.

முதல் வெட்டு நெட்டுக்குத்தாக வந்தது. இரண்டாவதும் அப்படியே வந்தது. மூன்றாவது இடுப்பில் வரவில்லை, அதுவும் நெட்டுக்குத்தாக வந்தது. எட்டு அறைகளும் மேலே நாலு கீழே நாலு என்று அடுக்காமல், தட்டில் பரப்பிய பணியாரம் மாதிரி ஒரே மட்டத்தில் கிடந்தன.

அவருக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த முட்டையிலும் அதே. அதற்கடுத்ததிலும் அதே. இசக்கியம்மாளைத் தேடிக்கொண்டு ஓடினார்.

இசக்கியம்மாள் வந்து பார்த்தார். நிதானமாகப் பார்த்தார்.

"சாறு இல்லாம, நல்ல தண்ணியிலயும் இதே மாதிரி பாத்தீயளா?"

"பாத்தேன் மேடம். அதுல மூணாவது வெட்டு சரியா இடுப்புலதான் விழுது."

பார்த்தது உண்மைதான். தெளிந்த தண்ணீரில் முட்டை பளிச்சென்று தெரியும், அதற்குக் கண்ணாடி எதற்கு? கண்ணாடி இல்லாமலே பார்த்துவிட்டுப் போயிருந்தார். இசக்கியம்மாள் அவர் கையை ஒரு தரம் பார்த்தார். சரி, பாருங்க என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார்.

இதற்கு மேல் கோமதிநாயகத்தைப் பிடிக்க முடியவில்லை. கருமுட்டையின் வெட்டைத் திருப்பும் நொச்சிச் சாறு என்று தலைப்புப் போட்டு, குழுவுக்கான சுருக்கத்தை எழுதினார். மேடத்திடம் காட்டிவிட்டு அனுப்பலாம் என்றுதான் முதலில் நினைத்தார். மேடம் அன்று திருநெல்வேலி போயிருந்தார். ஒரு நாள் பொறுத்திருக்கலாம். ஒரு நாள் பொறுப்பவரா அவர்? அனுப்பிவிட்டார். மறுநாள் விஷயத்தைச் சொன்னபோது இசக்கியம்மாள், "அனுப்பியாச்சா?" என்று மட்டும் கேட்டார்.

சண்முகவடிவு தன் அண்ணன் தம்பிமாருக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னாள். சிரித்தவள்தான், இப்போது அவளுக்கே பெருமை தாங்கவில்லை. தலைமையாசிரியர் ஞானதுரை, குழு கூடுகிற அன்று தானே நேரில் வந்து பொன்னாடை போடுவதாகச் சொன்னார். கோமதிநாயகத்துக்கு வாயெல்லாம் பல். ஆனால் உள்ளுக்குள் ஒரு குறை. மேடம் ஒரு வார்த்தை நல்லாயிருக்கு என்று சொல்லவில்லையே. நாம் கண்டுபிடித்துவிட்டோமென்று மனசுக்குள் புழுங்குகிறாரோ என்றுகூட ஒரு தரம் நினைத்தார். நினைத்ததற்குக் கூசவும் செய்தார்.

குழு கூட ஒரு வாரம் இருக்கும்போது இசக்கியம்மாள் அவரைச் சாமான் அறைக்குக் கூப்பிட்டார். கையில் அதே சேலை, அதே கயிறு.

அறை இப்போது காலியாக இல்லை. உடைந்த பெஞ்சுகளும் பழைய பீரோக்களும் இரண்டு முனையிலிருந்தும் அடுக்கிக்கொண்டே வந்து, நடுவில் கொஞ்சம் இடம்தான் மிஞ்சியிருந்தது. முன்பு ஒடுக்கமாக இருந்த பக்கம் இப்போது நீளமான பக்கம் ஆகிவிட்டது.

"ரெண்டாத் தடுங்க சார்."

இதென்ன விளையாட்டு என்று கோமதிநாயகத்துக்கு எரிச்சல்தான் வந்தது. பேச்சுக்குப் படம் வரைகிற வேலை அங்கே தலைக்கு மேல் கிடந்தது. மளமளவென்று இந்தப் பீரோ கைப்பிடிக்கும் எதிர்ப் பீரோ கைப்பிடிக்குமாகக் கயிற்றைக் கட்டி, சேலையைப் போட்டுவிட்டுத் திரும்பினார்.

"அன்னைக்குச் சுவருக்குச் சுவர் கட்டுனீய," என்றார் இசக்கியம்மாள். "இன்னைக்குத் திருப்பிக் கட்டியிருக்கீய. என்ன சார், நொச்சிச் சாறு எதுவும் குடிச்சீயளோ?"

கோமதிநாயகம் சிரித்தார். நல்ல பகடிதான். நான் எதுக்கு மேடம் சாறு குடிக்கணும், நீங்கதான பீரோவைத் தள்ளி வச்சிருக்கீய என்று சொல்ல வாயெடுத்தார்.

சிரிப்பு பாதியில் நின்றது. முகத்தில் ஈயாடவில்லை. மெல்லக் கையைத் தூக்கித் தன் பெருவிரலைப் பார்த்தார். நகத்தோரத்தில் மெழுகு ஒட்டியிருந்தது.

இசக்கியம்மாள் சேலையை அவிழ்த்து மடித்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்கப்புறம் இரண்டு நாள் மழையே இல்லை. அந்த இரண்டு நாளும் அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். வானத்தைப் பார்த்தார். சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமலே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோனார். மூன்றாம் நாள் தூறல் விழுந்தது. அந்தப் பருவத்தின் கடைசி முட்டைகள் கிடைத்தன.

இரண்டு கிண்ணம் வைத்தார். ஒன்றில் நொச்சிச் சாறு, கண்ணாடி கிடையாது. கலங்கிய சாற்றுக்குள் என்ன நடக்கிறதென்று தெரியாமல், கையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு காத்திருந்தார். நேரமானதும் முட்டையை எடுத்துக் கழுவிப் பார்த்தார். மூன்றாவது வெட்டு ஒழுங்காக இடுப்பில் விழுந்திருந்தது. அடுத்த கிண்ணத்தில் நல்ல தண்ணீர், மேலே கண்ணாடி, நாலு மூலையில் மெழுகு, பெருவிரலால் அமுக்கு. அதில் மூன்றாவது வெட்டு நெட்டுக்குத்தாக விழுந்தது. எட்டும் ஒரே மட்டத்தில் பணியாரம் மாதிரி பரந்து கிடந்தன. அமுக்கியதில் முட்டை சப்பையாகி உயரம் போய்விட்டது, அகலம்தான் நீளமாயிற்று. அது தன் வீட்டைத் தடவிப் பார்த்து, இருந்த நீளத்துக்குக் குறுக்கே பிளந்துகொண்டது. நொச்சிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

கோமதிநாயகத்துக்கு அழுகை வந்தது. அழுதார். வேறு யாரும் அங்கே இல்லை.

அழுது முடித்ததும் கெட்ட யோசனை ஒன்று வந்தது. கண்ணாடியை யார் பார்த்தார்கள்? சுருக்கத்தில் கண்ணாடியைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. படங்கள் எடுத்தது எடுத்ததுதான், அவற்றில் பொய் இல்லை. நொச்சிச் சாற்றில் இப்படி நடந்தது என்றால் நடந்ததுதானே? மேலும் ஆராய வேண்டும் என்று கடைசியில் ஒரு வாக்கியம் சேர்த்துவிட்டால், பதிவு கிடைத்தபிறகு மெல்லச் சரிசெய்துகொள்ளலாம். பொன்னாடை, சண்முகவடிவின் பெருமை, நீளப்போகிற விடுப்பு எல்லாம் கண்முன்னால் வந்து நின்றன.

குழு கூடுவதற்கு முந்தின மாலை, கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்த இசக்கியம்மாளின் பக்கத்தில் போய் நின்றார். கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்.

"நாளைக்கு நான் என்ன பேசட்டும் மேடம்?"

இசக்கியம்மாள் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தார். அடுத்ததை எடுத்தார்.

"அங்க நிக்கப் போறது நீங்கதான சார்."

தண்ணீர் விழுகிற சத்தம்தான் கேட்டது. கோமதிநாயகத்துக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆமா இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்?

மறுநாள் அரங்கில் முன்வரிசையில் குழுவினர் ஐந்து பேர். கடைசி வரிசையில் இசக்கியம்மாள். நடுவில் ஒரு நாற்காலியில் மடிமேல் துணிப்பையோடு ஞானதுரை. பையிலிருந்து பொன்னாடையின் சரிகை ஓரம் எட்டிப்பார்த்தது. கோமதிநாயகம் எழுதி வைத்திருந்ததைப் பிரித்து முதல் வரியை வாசித்தார். நொச்சிச் சாறு என்ற இடத்தில் வாசிப்பு நின்றது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி வாசித்தார். மறுபடி அங்கேயே நின்றது.

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"நான் அனுப்புன சுருக்கம் தப்பு," என்றார். "வெட்டைத் திருப்புனது சாறு இல்லை. என் பெருவிரல்."

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னார். கலங்கிய சாறு, கண்ணாடி, மெழுகு, பொறுமையில்லாத கை, கடைசி இரண்டு கிண்ணங்கள், ஒன்றையும் விடவில்லை. சொல்லச் சொல்ல அவருக்குக் குரல் தெளிந்தது. குழுவில் மூத்தவர் ஒருவர், முட்டையைக் கண்ணாடிக்கிடையே அமுக்கினால் இப்படி ஆகும் என்பது நூறு வருஷத்துக்கும் மேலான பழைய விஷயம், படித்திருக்க வேண்டாமா என்று கேட்டார். படிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். நேர்மையைப் பாராட்டுகிறோம், ஆனால் பதிவுக்கு இது போதாது என்று சொல்லி, குழு அடுத்தவரைக் கூப்பிட்டது.

ஞானதுரை வெளியே வந்து அவர் தோளைத் தொட்டார். பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். பரவாயில்லை சார், திங்கட்கிழமை வந்துருங்க என்று சொல்லிவிட்டுப் போனார். பொன்னாடை பையிலேயே இருந்தது.

திரும்பும்போது இசக்கியம்மாளும் கோமதிநாயகமும் ஒரே பஸ். கோமதிநாயகம் ஜன்னலோரத்திலும் இசக்கியம்மாள் நடைபாதைக்கு அந்தப் பக்கத்து இருக்கையிலும் உட்கார்ந்திருந்தார்கள். வயல்களில் தண்ணீர் நின்றது.

"மேடம், நான் கண்ணாடியை அமுக்குனதை நீங்க எப்பப் பாத்தீய?"

"முதல் நாளே."

கோமதிநாயகத்துக்கு நெஞ்சு கொதித்தது. முதல் நாள் என்றால் அதற்கப்புறம் ஒரு மழைக்காலம் முழுசாக மிச்சம் இருந்தது. தொட்டி நிறைய முட்டை இருந்தது.

"அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இந்தப் பருவம் எனக்கு வீணாப் போயிருக்காது. குழுவுக்கு முன்னால நல்லதா ஒண்ணு கொண்டுபோயிருப்பேன். திங்கட்கிழமை நான் சாக்பீஸ் பிடிக்கப் போக வேண்டியிருக்காது."

"ஆமா," என்றார் இசக்கியம்மாள். அவர் கை மடியிலிருந்த பையின் வாரைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தது. "தினமும் வாய் வரைக்கும் வந்துது சார். உங்களுக்கு மட்டும்தான் கை பரபரக்கும்னு நினைச்சீயளா?"

"பிறகு ஏன் சொல்லலை?"

பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்று, ஆட்களை இறக்கிவிட்டு, மறுபடி கிளம்பியது.

"சொல்லியிருந்தா இன்னைக்கு அங்க நின்னு பேசுனது நீங்களா இருந்திருக்க மாட்டீய," என்றார் இசக்கியம்மாள். "என் பெருவிரலா இருந்திருக்கும்."

கோமதிநாயகத்தின் ஊருக்கு இன்னும் இரண்டு நிறுத்தம் இருந்தது. அவர் எழுந்திருக்கவில்லை.